பழைய காரின் கம்பெனி ஸ்டீரியோ: பழுது எங்கே, எதை மாற்றுவது

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரில் பாட்டு நின்றுபோனால் கடையில் முதலில் சொல்வது, "செட் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்பதுதான். பல வண்டிகளில் செட் போயிருக்காது. கதவு மடங்கும் இடத்தில் ஒரு வயர் அறுந்திருக்கும், எர்த் (வண்டியின் இரும்புப் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குப் போகும் இணைப்பு) துருப்பிடித்திருக்கும், அல்லது மழைநீர் இறங்கி ஸ்பீக்கரின் காகிதக் கோன் கிழிந்திருக்கும். அந்த நிலையில் புது ஆண்ட்ராய்டு செட் மாட்டினாலும் ஊமையாக இருந்த கதவு ஊமையாகவே இருக்கும். இன்னொரு தீங்கும் உண்டு. புது செட் மாட்டும் அவசரத்தில் கம்பெனி கப்ளரை, அதாவது செட்டின் முதுகில் செருகும் வயர்க் கட்டின் பிளக்கை, வெட்டி எறிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டியின் வயரிங்கை யார் தொட்டாலும் குழப்பம்தான்.

பழுதைத் தேடும் வரிசை இதுதான்: முதலில் கரன்ட், அடுத்து வயர், பிறகு ஸ்பீக்கர், கடைசியில் செட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். புதியவர் ஒருவர் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வைத்துக்கொண்டு செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

வண்டி காட்டும் அறிகுறிகள்

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். பேலன்ஸ் (இடம், வலம்), ஃபேடர் (முன், பின்) இரண்டையும் நடுவில் வையுங்கள். குழந்தைகள் யாராவது ஃபேடரைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, முன் ஸ்பீக்கர் போய்விட்டது என்று கடைக்குப் போகும் வண்டிகள் உண்டு. பிறகு ஒவ்வொரு மூலையாகத் தள்ளி நான்கு ஸ்பீக்கரையும் தனித்தனியே கேளுங்கள்.

செட்டில் விளக்கே எரியவில்லை என்றால் ஃபியூஸ், சாவியைத் திருப்பினால் கரன்ட் வரும் இக்னிஷன் லைன், எர்த். விளக்கு எரிகிறது, நான்கிலும் சத்தம் இல்லை என்றால் ஏதோ ஒரு ஸ்பீக்கர் வயர் பாடியில் உரசி, செட் தன்னைக் காத்துக்கொள்ள ஊமையாகியிருக்கலாம். அல்லது உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. போயிருக்கலாம். கென்வுட் செட்டுகளில் இப்படி நேர்ந்தால் திரையில் 'புரொடெக்ட்' என்று வரும். ஒரு கதவில் மட்டும் விட்டு விட்டு வருகிறது, கதவை ஓங்கிச் சாத்தினால் வருகிறது, பள்ளத்தில் இறங்கினால் போகிறது என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக வயர்தான். பேஸ் வரும்போது மட்டும் கரகரப்பு என்றால் ஸ்பீக்கர். நேரமும் ஸ்டேஷனும் தினமும் மறந்துபோகிறது என்றால் நிரந்தர பேட்டரி லைன் செட்டுக்கு வரவில்லை. பாட்டு நன்றாக வருகிறது, எஃப்.எம். மட்டும் இரைகிறது என்றால் ஆண்டெனா. வண்டி வெயிலில் நின்றபின் மட்டும் நின்றுபோகிறது, ஆறியதும் வருகிறது என்றால் செட்டுக்குள் டிரை சோல்டர், அதாவது விரிசல் விட்டுப் பிடிப்பு விட்டுப்போன சோல்டர்.

கையில் வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 10 எம்.எம். ஸ்பேனர், பிளாஸ்டிக் நெம்புகோல் செட், ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல், 4 ஓம் உதிரி ஸ்பீக்கர் ஒன்று. பழைய டிவியிலிருந்து எடுத்த ஸ்பீக்கர்கூடப் போதும், ஆனால் அதன் முதுகில் எத்தனை ஓம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். வயரிங்குக்கு சோல்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், துணி டேப். நெம்புவதற்கு இரும்பு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். பழைய வண்டியின் டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து மொறுமொறுப்பாக இருக்கும், ஒருமுறை பிளந்தால் ஒட்டாது.

பேட்டரியைக் கழற்றும் முன் ஒன்று பாருங்கள். ஹோண்டா உள்ளிட்ட பல கம்பெனிகளின் பழைய செட்டுகளுக்குத் திருட்டுத் தடுப்பு கோடு (ரகசிய எண்) உண்டு. பேட்டரி ஒருமுறை கழன்றால் கோடு போடாமல் செட் பாடாது. தவறான எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூட்டிக்கொள்ளும். வண்டியின் கையேட்டுப் பையில் கோடு அட்டை இருக்கிறதா என்று தேடி எடுத்துவிட்டு மேலே போங்கள். அட்டை தொலைந்திருந்தால் செட்டின் சீரியல் எண்ணைக் கொண்டு டீலரிடம் கேட்டுப் பெற வழி உண்டு.

மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது. அதில் மீட்டரை வைக்காதீர்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் டேஷ்போர்டைப் பிரிப்பதாக இருந்தால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்துவிட்டுத் தொடுங்கள்.

கரன்ட் வருகிறதா

கார் செட்டுக்கு இரண்டு பிளஸ் லைன் வரும். ஒன்று நிரந்தரம்: சாவி இல்லாவிட்டாலும் 12 வோல்ட் இருக்கும், நேரத்தையும் ஸ்டேஷனையும் நினைவில் வைத்திருப்பது இதுதான், ஆம்ப்ளிஃபையருக்கான முழுக் கரன்ட்டும் இதன் வழியாகவே போகிறது. மற்றொன்று ஏ.சி.சி.: சாவியைத் திருப்பினால் மட்டும் வரும், செட்டை எழுப்பும் வேலை மட்டும் இதற்கு. இரண்டுக்கும் ஃபியூஸ் தனித்தனி. நிரந்தர லைனின் ஃபியூஸ் பல வண்டிகளில் உள்விளக்கு, கடிகாரத்தோடு பகிர்ந்தது. ஃபியூஸ் பெட்டியின் மூடியில் இருக்கும் படத்தைப் பார்த்து இரண்டையும் சோதியுங்கள். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு புள்ளிகளிலும் டெஸ்ட் லேம்பை வைத்தால் இரண்டு பக்கமும் எரிய வேண்டும். செட்டின் பின்புறத்திலேயே இன்னொரு சிறு ஃபியூஸ், பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர், குத்தியிருக்கும். அதை மறந்துவிடுபவர்கள் அதிகம்.

போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் மட்டும். திரும்பவும் உடனே போனால் செட்டின் கப்ளரைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போடுங்கள். அப்போதும் போகிறது என்றால் வண்டி வயரிங்கில் ஷார்ட். கப்ளர் இல்லாதபோது ஃபியூஸ் போகாமல் நிற்கிறது என்றால் ஷார்ட் செட்டுக்குள். யாராவது ஜம்பர் கேபிளைப் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்த வண்டிகளில் செட்டின் பாதுகாப்பு டயோடு உயிரை விட்டிருக்கும். அது சில ரூபாய்ப் பொருள்தான், செட்டைத் தூக்கிப் போடத் தேவையில்லை.

ஃபியூஸ் நல்லதாக இருந்தால் செட்டை வெளியே எடுக்க வேண்டும். ஜப்பான், கொரியா, இந்தியக் கார்களில் செட்டைச் சுற்றியுள்ள ஃபிரேம் கிளிப்பில் நிற்கும். அதை நெம்பி எடுத்தால் நான்கு ஸ்க்ரூ தெரியும். ஐரோப்பியக் கார்களில் முகப்பின் இரு ஓரத்திலும் துளைகளோ பிளவுகளோ இருந்தால் அதற்கென்று விற்கும் சாவிகளைச் செருகி இழுக்க வேண்டும். கியரை நியூட்ரலுக்கோ கீழ்நோக்கியோ மாற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் லிவரின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு எடுங்கள்.

இப்போது வண்டிப் பக்கக் கப்ளரில் அளவு. என்ஜின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஆனால் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பச்சைப் பாசி பிடித்து ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும். சுமை ஏறியதும் விழுந்துவிடும். ஆகவே அதே இடத்தில் டெஸ்ட் லேம்பை வைத்துப் பளிச்சென்று எரிகிறதா என்று பாருங்கள். எர்த்தைச் சோதிக்க, செட் பாடிக்கொண்டிருக்கும்போது அதன் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வோல்ட் அளந்தால் 0.1, 0.2க்கு மேல் போகக் கூடாது. போனால் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உரசி, பளபளப்பான இரும்பில் மறுபடி முறுக்குங்கள்.

கப்ளரிலேயே நான்கு கதவையும் சோதிக்கலாம்

இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கதவு பேட் (கதவின் உள்பக்க மூடி) ஒன்றையும் கழற்றாமல், செட் இருந்த குழியிலிருந்தே நான்கு ஸ்பீக்கரின் கதையும் தெரிந்துவிடும்.

செட்டிலிருந்து கப்ளரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை (0.2 முதல் 0.5 வரை இருக்கும்) குறித்துக்கொள்ளுங்கள். அதை ஒவ்வொரு அளவிலும் கழிக்க வேண்டும். பிறகு வண்டிப் பக்கக் கப்ளரில் ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியையும் அளங்கள்.

3.2 முதல் 3.8 ஓம்: 4 ஓம் ஸ்பீக்கர், வயரும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலும் முழுமை. முடிவிலி (மீட்டரில் OL, அல்லது இடது ஓரத்தில் வெறும் 1): வயர் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது காயில் எரிந்துவிட்டது. 1 ஓமுக்கும் கீழே: இரண்டு வயர் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. முடிவிலி வந்த ஜோடியை மீட்டரின் 20 ஆயிரம் ஓம் அளவிலும் பாருங்கள், அங்கே சில ஆயிரம் ஓம் காட்டினால் நடுவில் தனி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. உயர்ரக மாடல்களில் சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் பக்கச் சுவரிலோ வைத்திருப்பார்கள். அந்த வண்டிகளின் ஸ்பீக்கர்கள் 2 ஓமாகவும் இருக்கலாம். ஆம்ப்ளிஃபையரைத் தாண்டி நேராக சாதா செட்டில் அவற்றைக் கொடுத்தால் செட் சூடேறிப் போய்விடும்.

அடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவில் அளங்கள். எட்டு வயரிலும் முடிவிலிதான் வர வேண்டும். ஏதாவது ஓம் காட்டினால், நான்கு ஸ்பீக்கரும் ஊமையானதற்கான காரணம் அந்த வயர்தான்.

கடைசியாக, மீட்டரை ஒரு ஜோடியில் வைத்துக்கொண்டு கூட இருப்பவரை அந்தக் கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். எண் தாவினால் கீல் பக்கத்தில் வயர் அறுந்திருக்கிறது. அதே ஜோடியில் 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டு எடுத்தால் ஸ்பீக்கர் 'டொப்' என்று சொல்லும். தொட்டபடியே வைத்திருக்க வேண்டாம். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கோன் வெளியே வரும். கலர் அடையாளம் அழிந்த பழைய வயரிங்கில் பிளஸ், மைனஸைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்து சத்தம் மட்டும் வரவில்லை என்றால்தான் செட்டைச் சந்தேகிக்க வேண்டும். செட்டை மறுபடி கப்ளரில் மாட்டி ஓடவிட்டு, கப்ளரின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கர் வயருக்கும் பாடிக்கும் நடுவில் டி.சி. வோல்ட் அளங்கள். ஆரோக்கியமான செட்டில் எட்டு வயரிலும் பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட், இருக்கும். ஒரு ஜோடியின் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். ஏதாவது ஒரு வயரில் 0 அல்லது 12 காட்டினால் அந்த சேனல் ஐ.சி.க்குள் எரிந்துவிட்டது. இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும்: ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எர்த் அல்ல. பழைய காலத்து வண்டிகளில் செய்ததுபோல அதைப் பாடியில் முடுக்கினால் ஐ.சி. தாங்காது.

கதவு வயர்

டிரைவர் கதவுதான் அதிகம் திறந்து மூடப்படுவது, ஆகவே அங்கேதான் முதலில் அறும். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதை இரு பக்கமும் பிதுக்கி எடுத்து நகர்த்துங்கள். வெளியே பிளாஸ்டிக் முழுதாக இருக்கும், உள்ளே செம்பு இரண்டாகியிருக்கும். ஒவ்வொரு வயராகப் பிடித்து லேசாக இழுத்தால், அறுந்த வயர் மட்டும் ரப்பர்போல நீளும். பவர் விண்டோ மெதுவாக ஏறுகிறது, சென்டர் லாக் ஒரு கதவில் மட்டும் வேலை செய்யவில்லை என்ற புகாரும் கூடவே இருந்தால் அவற்றுக்கும் இங்கேயே மருந்து.

அறுந்த இடத்தில் நேராக ஒட்டிச் சோல்டர் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சோல்டர் ஏறிய இடம் விறைத்துப்போகும், மடங்கும் இடத்தில் விறைப்பான வயர் சில மாதங்களில் அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். சரியான வழி: அறுந்த வயரின் இரு பக்கமும் ரப்பர் குழாயைத் தாண்டி வெட்டி, நடுவில் நிறைய மெல்லிய இழைகள் உள்ள மெத்தென்ற புது வயரைக் கொடுங்கள். 0.75 அல்லது 1 சதுர எம்.எம். போதும், சிலிக்கான் உறை போட்டதாக இருந்தால் நல்லது. ஒரு இணைப்பு கதவுக்குள்ளும் மற்றொன்று பாடிக்குள்ளும் வர வேண்டும். மடிப்புக்குள் இணைப்பே கூடாது. ஸ்லீவை முதலில் வயரில் கோத்துவிட்டுச் சோல்டர் வையுங்கள். இரண்டு மூன்று வயர் போயிருந்தால் இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் ஏற்ற இறக்கமாக அமையுங்கள்.

செட்டுக்குள் எது திருந்தும்

கம்பெனி செட்டின் முகப்பு டேஷ்போர்டோடு வார்த்ததுபோல் பொருந்தியிருந்தால், திருத்த முடிகிற வரை திருத்துவதே நல்லது. 2005க்குப் பிறகு வந்த பல சிறு கார்களில் செட்டின் வடிவமே தனி. அதை எடுத்துவிட்டு ஃபிரேம் வைத்துச் சதுர செட் மாட்டினால் இடுக்கும் இளிப்பும் தெரியும், ஏ.சி. காற்றுக்குழாய் வேறு தடுக்கும்.

திருந்துபவை: கப்ளர் ஊசிகளிலும் ஆம்ப்ளிஃபையர் ஐ.சி.யின் கால்களிலும் டிரை சோல்டர், உப்பிப்போன கெப்பாசிட்டர், எரிந்த ஐ.சி., பாதுகாப்பு டயோடு, இரையும் வால்யூம் குமிழ். ஏராளமான செட்டுகளில் இருப்பது டி.டி.ஏ. 7388 அல்லது அதே குடும்பத்து 25 கால் ஐ.சி. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும், ஆனால் போலியும் கலந்திருக்கும், மலிவானதை வாங்காதீர்கள். ஐ.சி. மாற்றியதும் ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, தகட்டை இறுக முடுக்க வேண்டும். அதைத் தளரவிட்ட ஐ.சி. அதிக வால்யூமில் சீக்கிரமே சுட்டுப்போகும். வால்யூம் குமிழுக்குக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஐம்பது முறை திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே இதற்கு ஆகாது, தூசியை இழுத்து ஒட்டவைக்கும்.

சி.டி. படிக்கவில்லை என்றால் லென்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். கேசட்டும் அப்படியே. வெளியிலிருந்து பாட்டுக் கேபிள் செருகும் ஆக்ஸ் துளை இருக்கும் செட் என்றால் ஒரு சிறு புளூடூத் ரிசீவரை அதில் செருகிக் கையுறைப் பெட்டிக்குள் மறைத்துவிடலாம். கம்பெனி முகப்பு அப்படியே இருக்கும், போனிலிருந்து பாட்டும் வரும். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைவிட இது பல மடங்கு தெளிவு.

ஜப்பானில் ஓடிவிட்டு இலங்கையில் இறங்கிய ரீகண்டிஷன் வண்டிகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஜப்பானின் எஃப்.எம். அலைவரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, பழைய செட்டுகளில் 90இல் முடிந்துவிடும். மற்ற பெரும்பாலான நாடுகளில் 87.5 முதல் 108. ஆகவே அந்த செட் பழுதே இல்லாவிட்டாலும் கொழும்பின் பெரும்பாலான ஸ்டேஷன்களைத் தொடாது. ஆண்டெனா வழியில் மாட்டும் பேண்ட் எக்ஸ்பாண்டர் அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும், ஆனால் செட்டின் வீச்சு 14 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால் முழு வரிசையும் அடங்காது, தூரத்து ஸ்டேஷனும் நலிந்துதான் வரும். நல்ல எஃப்.எம். வேண்டுமென்றால் இந்த வண்டிகளில் செட்டை மாற்றுவதே நியாயம்.

புது செட்: அளவும் கப்ளரும்

கார் செட்டின் முகப்பு அளவை 'டின்' கணக்கில் சொல்வார்கள்: ஒற்றை டின் 178 × 50 எம்.எம்., இரட்டை டின் 178 × 100. டொயோட்டா, டைஹாட்சு வண்டிகளில் குழி 200 எம்.எம். அகலம். அங்கே சாதா இரட்டை டின் செட்டுக்கு இரு ஓரமும் பட்டை வைக்க வேண்டும். அகலத்தைவிட ஆழத்தை அளக்க மறந்துவிடுவார்கள். கப்ளரும் ஆண்டெனா வயரும் செட்டின் முதுகுக்குப் பின்னால் மடங்க இன்னும் 4, 5 செ.மீ. வேண்டும். பெரிய திரையும் குறைந்த விலையும் சேர்ந்த ஆண்ட்ராய்டு செட்டுகளில் எஃப்.எம்.மும் ஒலியும்தான் முதலில் பலியாகின்றன. பாட்டுக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால், பெயர் உள்ள கம்பெனியின் சாதாரணப் புளூடூத் செட் அதைவிட நன்றாகப் பாடும்.

உங்கள் வண்டிக்குரிய கன்வெர்ட்டர் கப்ளரை வாங்குங்கள். ஒரு முனை வண்டியின் கம்பெனி கப்ளரில் உட்காரும், மறுமுனையில் உதிரி வயர்கள் இருக்கும். டொயோட்டாவுக்கு 10 ஊசியும் 6 ஊசியும் கொண்ட ஜோடி. சுசூகி, ஹூண்டாய், ஹோண்டாவுக்குத் தனித்தனி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் மாடலும் வருடமும் சொன்னால் எடுத்துத் தருவார்கள். இந்தச் சிறு செலவுக்கு யோசித்துத்தான் கம்பெனி வயரை வெட்டுகிறார்கள். வெட்டாதீர்கள், யாரையும் வெட்ட விடாதீர்கள்.

மேசையில் வைத்து, கன்வெர்ட்டரின் வயர்களைப் புது செட்டின் வயர்களோடு இணைத்து முடித்துவிட்டு வண்டிக்குக் கொண்டுபோங்கள். வெளிக்கம்பெனி செட்டுகளின் வயர் நிறங்கள் பெரும்பாலும் இப்படி:

மஞ்சள் – நிரந்தர பேட்டரி
சிவப்பு – ஏ.சி.சி.
கறுப்பு – எர்த்
நீலம் – மோட்டார் ஆண்டெனா
நீலத்தில் வெள்ளைக் கோடு – ஆம்ப்ளிஃபையரை எழுப்பும் லைன்
ஆரஞ்சு – ஹெட்லைட் போட்டால் திரை மங்க
வெள்ளை – முன் இடது ஸ்பீக்கர்
சாம்பல் – முன் வலது
பச்சை – பின் இடது
ஊதா – பின் வலது

ஸ்பீக்கர் வயரில் கறுப்புக் கோடு ஓடினால் அது மைனஸ். செட்டில் இருப்பது ஐ.எஸ்.ஓ. என்ற பொதுத் தர அளவுக் கப்ளராக இருந்தால் கரன்ட் பகுதியில் 4ஆம் ஊசி நிரந்தரம், 7 ஏ.சி.சி., 8 எர்த். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தின் பழைய வண்டிகளில் 4உம் 7உம் இடம் மாறியிருக்கும். மாட்டியபின் சாவியை எடுத்தால் ஸ்டேஷன் எல்லாம் மறந்துபோகிறது என்றால் இந்த இரண்டும் மாறியதே காரணம். மறதியைப் போக்க மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து நேராக பேட்டரியில் கொடுப்பவர்கள் உண்டு. சாவியை எடுத்தாலும் செட் அணையாது, மறந்துவிட்டால் பேட்டரி காலி.

பயன்படாத வயர் ஒவ்வொன்றின் முனையையும் தனித்தனியே ஸ்லீவ் போட்டு மூடுங்கள். முக்கியமாக நீலம். அதில் 12 வோல்ட் வெளியே வருகிறது, எர்த்தில் பட்டால் செட்டின் உள் ரெகுலேட்டர் போகும். வயரை முறுக்கி கறுப்பு பிளாஸ்டிக் டேப் சுற்றுவது போதாது. மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். சோல்டரும் ஸ்லீவும், அல்லது நல்ல கிரிம்ப் ஜாயின்ட். முடித்த கட்டைத் துணி டேப்பால் சுற்றினால் டேஷ்போர்டுக்குள் கடகடக்காது.

ஸ்டீரிங்கில் பட்டன் உள்ள பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ் என்ற முறைதான். வண்டியிலிருந்து வரும் ஒன்றிரண்டு வயரையும் எர்த்தையும் செட்டின் 'கீ 1', 'கீ 2' வயர்களில் கொடுத்து, மெனுவில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் கற்றுக்கொடுக்கலாம். அந்த வசதி இல்லாத செட்டுக்கும், பட்டன் தகவலை டேட்டா லைனில் அனுப்பும் வண்டிகளுக்கும் தனி அடாப்டர் தேவை.

புது செட் மாட்டியபின் எஃப்.எம். மோசமானால் ஆண்டெனாவின் பூஸ்டருக்குக் கரன்ட் போகவில்லை என்று அர்த்தம். கூரையில் குட்டையாக நிற்கும் ஆண்டெனா உள்ள ஐரோப்பியக் கார்களில் இது அதிகம். கம்பெனி செட் ஆண்டெனா கேபிள் வழியாகவே 12 வோல்ட் அனுப்பும், புது செட் அனுப்பாது. கரன்ட் செலுத்தும் ஆண்டெனா அடாப்டரை வாங்கி, அதன் வயரை நீலத்தில் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஸ்பீக்கர் மாற்றுதல்

வாட்ஸ் எண்ணைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்காதீர்கள். செட்டின் மேல் 50 வாட்ஸ் × 4 என்று எழுதியிருந்தாலும் தொடர்ந்து தருவது ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ் அளவுதான். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத வண்டிக்கு, சென்சிட்டிவிட்டி (குறைந்த கரன்ட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்) 90 டெசிபலும் அதற்கு மேலும் உள்ள ஸ்பீக்கரே தேவை. 300 வாட்ஸ் என்று அச்சிட்ட கனமான ஸ்பீக்கர் கம்பெனி செட்டில் முனகும். பணம் குறைவாக இருந்தால் முன் கதவு இரண்டை மட்டும் நல்லதாகப் போடுங்கள், பின்னால் பழையதே இருக்கட்டும்.

கதவு பேடைக் கழற்றும்போது ஸ்க்ரூக்கள் மறைந்திருக்கும் இடங்கள்: உள் கைப்பிடியின் கிண்ணத்துக்குள், கை வைக்கும் திண்டின் அடியில், விண்டோ சுவிட்சின் கீழே. கையால் சுற்றும் விண்டோ ஹேண்டில் என்றால், ஹேண்டிலுக்கும் பேடுக்கும் நடுவில் பழைய துணியை விட்டு இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்தால் சி கிளிப் கழன்று வரும். தெறித்துப்போகும், கண்ணை வைத்திருங்கள். பிறகு கீழ் மூலையிலிருந்து கிளிப்புகளை நெம்புங்கள். இரண்டு மூன்று கிளிப் உடையும், உதிரிக் கிளிப்பை முன்பே வாங்கி வையுங்கள். சில வண்டிகளில் ஸ்பீக்கர் ஸ்க்ரூவில் இருக்காது, ரிவெட் அடித்திருப்பார்கள், டிரில்லால் தலையை மட்டும் குடைந்து எடுக்க வேண்டும்.

பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவது பெரிய தவறு. கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு, அந்தத் தாள்தான் அதை உள்ளே வரவிடாமல் கீழ்த் துளைகளுக்கு அனுப்புகிறது. தாள் போனால் மிதியடி நனையும், ஸ்பீக்கர் காந்தத்தில் துரு ஏறும். கறுப்புப் பசையோடு மெதுவாக உரித்து, திரும்ப அதே இடத்தில் ஒட்டுங்கள். பசை காய்ந்திருந்தால் பியூட்டைல் டேப் போடுங்கள். ஸ்பீக்கருக்கு வளையம் வைக்க வேண்டியிருந்தால் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வளையம் நல்லது. பிளைவுட் என்றால் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்துவிட்டுப் பொருத்துங்கள்.

ஸ்பீக்கரை வைத்ததும், பேடை மூடும் முன், கண்ணாடியை அடி வரை இறக்குங்கள். காந்தத்தின் முதுகில் கண்ணாடி இடித்தால் இப்போதே தெரியட்டும். பிளஸ், மைனஸ் ஒரு கதவில் மாறினால் ஸ்பீக்கர் பாடும், ஆனால் பேஸ் காணாமல் போகும். பேலன்ஸை நடுவில் வைத்தால் மெலிந்து, ஒரு பக்கம் தள்ளினால் தடிப்பாகக் கேட்கிறது என்றால் அதுதான் பிரச்சினை. டுவீட்டர் (கீச்சு ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) தனியாக இருந்தால் அதன் வயரில் இருக்கும் கெப்பாசிட்டரை எடுத்துவிடாதீர்கள், பேஸ் நேராகப் போனால் டுவீட்டர் எரிந்துவிடும்.

இரைச்சல்

ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஏறும் 'உய்ங்' சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. பெரும்பாலும் எர்த் மோசம், அல்லது போன் சார்ஜரும் ஆக்ஸ் கேபிளும் இரு வழியில் எர்த் ஆகின்றன. சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறதா பாருங்கள். நின்றால் ஆக்ஸ் வழியில் அந்த இரட்டை எர்த்தைப் பிரித்துவிடும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போதும். எஃப்.எம்.மில் மட்டும் இரைச்சல் என்றால் மலிவான எல்.இ.டி. பல்பு, டேஷ் கேமராவின் சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

மூடிய பிறகு ஒரு அளவு

புது செட் மாட்டிய வண்டியில், எல்லாம் அணைந்தபின்னும் பேட்டரியிலிருந்து கசியும் கரன்ட்டை அளக்காமல் வேலையை முடிக்காதீர்கள். எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து மைனஸ் கம்பத்துக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போகும். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. 300 மில்லி ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் ஹவர் போகிறது, சிறு காரின் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாள் நின்றாலே பாதிக்குமேல் காலி. செட்டின் ஃபியூஸைப் பிடுங்கி எண் விழுகிறதா பாருங்கள். விழுந்தால் சிவப்பு வயர் நிரந்தர லைனில் ஏறியிருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். வயர் சரியாக இருந்தும் விழுகிறது என்றால், ஆண்ட்ராய்டு செட்டின் அமைப்புகளில் தூக்க நிலையை நிறுத்திவிட்டு, சாவி எடுத்ததும் முழுவதும் அணையும்படி மாற்றி மறுபடி அளங்கள்.